பாவாடை தைக்க எந்த அளவை நம்புவது: டேப்பா, அளவுத் துணியா, சைஸ் நம்பரா?

பாவாடைக்கு அளவு எடுக்க மூன்று வழி உண்டு. உடம்பில் டேப் வைத்து அளப்பது ஒன்று. சரியாகப் பொருந்துகிற பழைய பாவாடையை விரித்துப்போட்டு அளப்பது இன்னொன்று. நம் ஊர்த் தையல் கடைகளில் பெரும்பாலும் இதுதான் நடப்பு, "அளவுத் துணி கொண்டு வந்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்றாவது, அச்சிட்ட பேட்டர்ன் (வெட்டுவதற்கான காகித மாதிரி) உறையிலோ இணையத்திலோ இருக்கிற அட்டவணையைப் பார்த்து ஒரு சைஸ் நம்பரைத் தேர்ந்தெடுப்பது. வீட்டில் புதிதாகத் தைக்கத் தொடங்குபவர்கள் அதிகமாகக் குழம்புவது இந்த மூன்றாவதில்தான்.

மூன்றில் எது மேல் என்று கேட்டால் என் பதில் டேப்தான். மற்ற இரண்டுக்கும் இடம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் எந்த வழியில் அளந்தாலும் அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பாவாடையை இடுப்பு அளவை வைத்து வெட்டப்போகிறோமா, சீட் (பின்புறச் சுற்று) அளவை வைத்து வெட்டப்போகிறோமா? இதை முடிவு செய்யாமல் கத்தரியைக் கையில் எடுப்பதால்தான் நல்ல துணி வீணாகிறது.

இடுப்பா, சீட்டா

பிளவுஸுக்கு ஏழெட்டு அளவு வேண்டும். பாவாடைக்கு மூன்று போதும்: இடுப்புச் சுற்று, சீட் சுற்று, நீளம். பின்புறம் மிக அகலமாக இருக்கிற இடத்தில் எடுக்கும் சுற்றளவைத்தான் தையல் கடையில் சீட் என்கிறார்கள். நீளத்தைக் கடைசி நாளில்கூடச் சரிசெய்துகொள்ளலாம். மற்ற இரண்டும் அப்படியில்லை. ஒரே சைஸில் இடுப்பும் சீட்டும் கச்சிதமாக அமைகிற உடம்பு குறைவு. ஒன்றுக்கு முதலிடம் கொடுத்து மற்றதைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சுருக்கு வைத்த பாவாடை, துணியை வட்டமாக வெட்டும் அம்பர்லா, கீழே போகப்போக விரிகிற ஏ-லைன் ஆகியவற்றுக்கு இடுப்புதான் அளவு. சீட் பக்கம் துணி தாராளமாக இருப்பதால் அங்கே இரண்டு இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரியாது. ஏ-லைன் விரிவு குறைவாக இருந்தால் மட்டும் சீட்டையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்போடு ஒட்டி இறங்கும் நேர்ப் பாவாடை, அலுவலகத்துக்குப் போடும் பென்சில் பாவாடை இவற்றுக்குச் சீட்தான் அளவு. சீட் சரியாக இருந்து இடுப்பு பெரிதாகிவிட்டால் டார்ட்டை (இடுப்பில் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பை) ஆழமாக்கிப் பிடித்துவிடலாம். சீட் இறுகிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை, உள்ளே தையலுக்கு விட்ட துணி இருந்தால்தான் உண்டு.

இடுப்புப் பாவாடை போலத் தெரிந்தாலும் சீட்டை வைத்தே வெட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று எலாஸ்டிக் பாவாடை. பக்கத்தில் திறப்போ ஜிப்போ இல்லாத பாவாடையைக் காலில் விட்டு மேலே இழுத்துத்தான் போட வேண்டும், அதாவது இடுப்பு வாய் சீட்டைத் தாண்டி ஏற வேண்டும். சீட் 40, இடுப்பு 30 என்றால் மேல்வாயை 42 இஞ்சுக்கு வெட்டி, உள்ளே 28 இஞ்ச் எலாஸ்டிக் விடுவது சரியாக வரும். இடுப்பு 30தானே என்று மேல்வாயை 34க்கு வெட்டினால் பாவாடை தொடையோடு நின்றுவிடும்.

இன்னொன்று பள்ளிச் சீருடைப் பாவாடை. ப்ளீட்ஸை மேலே நாலைந்து இஞ்ச் வரை தைத்து இறக்குகிறோம். அந்தத் தையல் முடிகிற இடத்தில் சீட் தொடங்கிவிடுகிறது. அங்கே துணி போதாவிட்டால் ப்ளீட்ஸ் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இருபது ப்ளீட்ஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) தவறினால் மொத்தத்தில் 2½ இஞ்ச் போய்விடும். அளவை எவ்வளவு சரியாக எடுத்திருந்தாலும் மடிப்பில் நூல் பிசகினால் அந்த அளவுக்குப் பயனில்லை. ப்ளீட்ஸ் பாவாடைக்கு மட்டும் மடிப்பு முழுவதையும் ஊசி குத்தி வைத்து, மேல்வாயை மறுபடி டேப்பால் அளந்துவிட்டுத்தான் மிஷினில் ஏற்ற வேண்டும் என்று சொல்வேன்.

டேப்பால் அளக்கும்போது

முதலில் டேப்பையே சோதியுங்கள். துணி டேப் நாளடைவில் இழுபடும். இழுபட்ட டேப்பில் கோடுகள் விலகிப்போவதால் அது உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும், தைத்த பாவாடை இறுகும். ஸ்டீல் ஸ்கேலில் 12 இஞ்சுக்கு நேராக டேப்பை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஃபைபர் கலந்த டேப் அவ்வளவு சுலபத்தில் இழுபடாது, விலையும் அதிகமில்லை.

இடுப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதித் தவறு. பக்கவாட்டில் வளைந்தால் எங்கே உடம்பு மடிகிறதோ அதுதான் இயல்பான இடுப்பு. பேட்டர்ன் புத்தகங்கள் சொல்வது அந்த இடத்தை. நாம் சேலைக்கு உள்பாவாடையைக் கட்டுவது பெரும்பாலும் அதற்குக் கீழே, தொப்புளை ஒட்டி. தாவணிப் பாவாடையும் அப்படித்தான். இரண்டு இடத்துக்கும் சுற்றளவு நன்றாகவே மாறும். அதனால் ஒரு நாடாவை எடுத்து, இந்தப் பாவாடையை எங்கே கட்டப்போகிறீர்களோ அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். நாலு அடி நடந்து, ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் நாடா தன் இடத்தில் போய் நிற்கும். இடுப்புச் சுற்று, அங்கிருந்து சீட் வரை இறக்கம், நீளம் எல்லாவற்றையும் அந்த நாடாவிலிருந்தே எடுங்கள். நாடாவை அவிழ்க்காமல் எல்லா அளவையும் முடித்துவிட வேண்டும்.

வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. அளக்கிறார்கள் என்றதும் எல்லோரும் தெரியாமலே இழுத்துக்கொள்வார்கள். அளக்கும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்தால் மூச்சு இயல்புக்கு வந்துவிடும். டேப்புக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவுக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கும். மாதவிடாய் நாட்களில் வயிறு உப்பும். பட்டி வைத்து ஹூக் போடுகிற பாவாடை என்றால் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவையே வைத்துக்கொள்வது நல்லது. நாடா என்றால் இதைப் பற்றிக் கவலையில்லை. தாவணி செருகுகிற பாவாடைக்கு இடுப்பில் அரை இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட் அளவை நைட்டி மேலேயோ சுடிதார் மேலேயோ எடுக்க வேண்டாம், உள்ளாடையோடு எடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து 7 முதல் 9 இஞ்ச் கீழே என்று சொல்வார்கள். அது உத்தேசம்தான், ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டில் கண்ணாடியைப் பார்த்து, பின்புறம் எங்கே அதிகம் தள்ளியிருக்கிறதோ அங்கே டேப்பைச் சுற்றுங்கள். டேப் பின்னால் சரிந்து இறங்காமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒருவரே தனியாக அளக்கும்போது இதுதான் தவறிப்போகும், அதனால் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வயிறு முன்னால் தள்ளியிருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வயிற்றுக்கு நேராக ஒரு தடித்த அட்டையை, காலண்டர் அட்டை போதும், தொடை வரை தொங்கும்படி பிடித்துக்கொண்டு, அந்த அட்டையையும் சேர்த்துச் சீட் சுற்றை அளக்க வேண்டும். வெறும் டேப் வயிற்றுக்குக் கீழே புகுந்து குறைவான எண்ணைக் காட்டிவிடும். பாவாடைத் துணி அப்படிப் புகாது, வயிற்றின் உச்சியிலிருந்து நேராக இறங்கும். அட்டை வைத்து எடுக்கிற எண்தான் துணிக்கு வேண்டிய எண்.

நேர்ப் பாவாடைக்கு உட்கார்ந்தும் ஒருமுறை சீட்டை அளந்து பாருங்கள். நிற்கும்போது 40 காட்டுகிற உடம்பு, நாற்காலியில் உட்கார்ந்தால் 42ஐத் தொடலாம். நீட்டாத துணியில் சீட்டுக்கு 2 இஞ்ச் லூஸ் விடுவது இதற்காகத்தான். இடுப்புக்கு அரை முதல் ஒரு இஞ்ச் போதும். இழுத்தால் நீளும் லைக்ரா கலந்த துணி என்றால் கணக்கே மாறிவிடும். சேலைக்குள் போடுகிற, உடம்போடு ஒட்டி நிற்கும் ஃபிஷ் கட் பாவாடையை உடம்பு அளவுக்குச் சமமாகவோ ஒரு இஞ்ச் குறைத்தோகூட வெட்டலாம், துணி கொடுத்துக்கொள்ளும்.

நீளத்தை நாடாவிலிருந்து தரை வரை மூன்று இடத்தில் எடுங்கள்: முன்னால், பக்கத்தில், பின்னால். மூன்றும் ஒன்றாக இருக்காது. வயிறோ பின்புறமோ தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் துணி மேலேறும், அங்கே முக்கால் இஞ்சோ ஒரு இஞ்சோ கூடுதலாகக் கொடுத்தால்தான் கீழே வட்டம் சமமாக நிற்கும். கொலுசு தெரிய வேண்டுமா, செருப்பை மூட வேண்டுமா என்பதை அளக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்பர்லாவில் கால் இஞ்ச் என்ன செய்யும்

டேப் அளவு எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதற்கு அம்பர்லா நல்ல உதாரணம். முழு வட்டப் பாவாடைக்கு இடுப்பை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். அரை வட்டத்துக்கு 3.14ஆல் வகுக்க வேண்டும். இடுப்பு 30 என்றால் முழு வட்டத்துக்கு ஆரம் சுமார் 4¾ இஞ்ச். இதில் தையலுக்கு அரை இஞ்ச் கழித்து 4¼இல் வெட்டுகிறோம். கை தவறிக் கால் இஞ்ச் கூடுதலாக வெட்டிவிட்டால் இடுப்பு 1½ இஞ்சுக்கு மேல் பெரிதாகிவிடும். அதோடு முடியாது. வட்டத்தில் இழை மூலைவாட்டில் (கிராஸாக) வரும் இடங்கள் தாமாகவே இழுபட்டு இன்னும் விரியும். அதனால் அம்பர்லாவுக்கு உள்வட்டத்தை எப்போதும் சிறியதாகவே வெட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க வழியில்லை. வெட்டிய உடனே இடுப்பு ஓரத்தில் ஒரு வரித் தையல் போட்டுவிட்டால் இழுபடாது.

துணிக் கணக்கும் இந்த ஆரத்திலிருந்துதான் வருகிறது. இடுப்பு 30, நீளம் 38 என்றால் வெளிவட்டத்தின் ஆரம் 42¾. மடிப்புக்கும் பக்கத் தையலுக்கும் அரை அரை இஞ்ச் சேர்த்தால் 43¾. 44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டு அரை வட்டமாக வெட்டினால் மயிரிழையில் அடங்கும், பட்டிக்கும் சேர்த்து 4½ மீட்டர் வாங்க வேண்டும். நீளம் 40 வேண்டும் என்று கேட்டால் 44 அகலம் போதாது. 58 இஞ்ச் அகலத் துணிக்குப் போக வேண்டும். இதைத் துணிக்கடைக்குப் போவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

அளவுத் துணி எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

அளவுத் துணி முறையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆண் தையல்காரரிடம் உடம்பில் டேப் வைக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஒருவர் பாவாடையை எவ்வளவு இறக்கிக் கட்டுவார், எவ்வளவு சுற்று பிடிக்கும், பட்டி எவ்வளவு அகலம் என்பதை உடம்பு சொல்லாது, அவர் விரும்பிப் போடும் பாவாடை சொல்லும். நீளத்துக்கு அளவுத் துணியை நான் முழுமையாக நம்புவேன்.

சுற்றளவுக்கு அப்படி நம்ப முடியாது. நாடா போட்ட பாவாடையை விரித்தால் மேல்வாய் 40 இஞ்ச் இருக்கும், ஆனால் அதைப் போடுகிறவர் 30க்கு இழுத்துக் கட்டுகிறவராக இருப்பார். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பல வருடம் போட்ட நேர்ப் பாவாடை பின்புறம் இழுபட்டுத் தொங்கியிருக்கும். பனியன் துணிப் பாவாடையின் அளவை வைத்துக் காட்டன் வெட்டினால் உட்காரவே முடியாது.

அப்புறம், லூஸ் கணக்கு. தைத்த துணியின் அளவில் லூஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதை உடம்பு அளவு என்று நினைத்து மேலே இரண்டு இஞ்ச் சேர்த்தால் லூஸ் இரட்டிப்பாகும். ‘அளவுத் துணி கொடுத்தும் லூஸாத் தெச்சுட்டாங்க’ என்ற புகார் வரும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டாவது, துணியைத் தட்டையாக விரித்து ஒரு பக்கம் அளந்து இரண்டால் பெருக்குகிறோம். அங்கே அரை இஞ்ச் சுருக்கம் விழுந்திருந்தால் கணக்கில் அது ஒரு இஞ்ச். இஸ்திரி போட்டு, ஹூக்கை மாட்டி, சமதளத்தில் விரித்துத்தான் அளக்க வேண்டும். சீட்டை மேல்வாயிலிருந்து 8 இஞ்ச் இறக்கத்தில் அளந்து, அந்த 8ஐயும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கடையில் அளவுத் துணி கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் இடுப்பும் சீட் அளவும் எழுதிக் கொடுங்கள். வீட்டிலேயே அக்காவோ அம்மாவோ எடுத்துக் கொடுத்த அளவு போதும். துணியில் எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சைஸ் நம்பர்

கடைகளில் கிடைக்கும் எஸ், எம், எல் பற்றிப் பேச அதிகமில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது, அதை வைத்து வெட்ட முடியாது. அச்சிட்ட பேட்டர்ன்கள் வேறு விஷயம். எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் சைஸ் வாரியான காகிதப் பேட்டர்ன்களை 1863இல் விற்கத் தொடங்கினார். அவர் பெயரில் உள்ள பட்டரிக்கும், சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், வோக் ஆகியவையும் இன்றும் ஏறத்தாழ ஒரே அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதில் 14 என்றால் இடுப்பு 28, சீட் 38. 16க்கு 30, 40. 18க்கு 32, 42. 20க்கு 34, 44. இந்த நாலு சைஸிலும் இடுப்புக்கும் சீட்டுக்கும் 10 இஞ்ச் இடைவெளி.

நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த 10 பொருந்தும்? நடுவயதில் இடைவெளி 6 ஆகிவிடும், சிலருக்கு இளவயதில் 13 இருக்கும். அட்டவணைகள் யாருடைய உடம்பிலிருந்து பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1939-40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து 1941இல் முடிவை வெளியிட்டது. அதில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். அதை அடிப்படையாக வைத்து 1958இல் வந்த அமெரிக்க அரசுத் தரம் 1983இல் கைவிடப்பட்டது. இந்தியாவில் நிஃப்ட் என்ற ஆடைத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ என்ற பெயரில் ஆறு நகரங்களில் 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டத்தை எடுத்தது. நமக்கென்று ஓர் அட்டவணை வர வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த ஆசை. அதுவரை வெளிநாட்டு அட்டவணையைத் திருத்தித்தான் பயன்படுத்த முடியும்.

திருத்துவது எப்படி என்று ஒரு உதாரணம். இடுப்பு 34, சீட் 40 உள்ள ஒருவர். இடுப்பைப் பார்த்தால் 20, சீட்டைப் பார்த்தால் 16. சுருக்குப் பாவாடை என்றால் யோசிக்காமல் 20 எடுக்கலாம். நேர்ப் பாவாடை என்றால் 16தான் எடுக்க வேண்டும். 20 எடுத்தால் சீட்டில் 4 இஞ்ச் தொங்கும், பாவாடையின் அழகே போய்விடும். 16இல் இடுப்பு 4 இஞ்ச் குறைகிறது. முன்பக்க டார்ட் இரண்டும் அரை அரை இஞ்ச் பிடிப்பவை என்றால் அவற்றைத் தைக்காமல் விட்டாலே ஒரு இஞ்ச் கிடைத்துவிடும். இந்த உடம்பில் வயிறு முன்னால் இருக்கும், அங்கே டார்ட் தேவையும் இல்லை. மீதி 3 இஞ்சைப் பக்கத் தையலின் நான்கு ஓரத்துக்கும் பங்கிட்டால் ஓரத்துக்கு முக்கால் இஞ்ச். இடுப்பில் முக்காலில் தொடங்கி, சீட் கோட்டில் ஒன்றுமில்லாமல் போய்ச் சேரும்படி மெல்லிய வளைவாக வரையுங்கள். ஸ்கேல் வைத்து நேர்கோடாக இழுத்தால் அந்த இடத்தில் முனை தள்ளிக்கொண்டு நிற்கும்.

எதிர்மாறான உடம்புக்கு, இடுப்பு 28, சீட் 42 என்று வைத்துக்கொள்வோம், 18 எடுத்து இடுப்பில் 4 இஞ்ச் குறைக்க வேண்டும். நான்கு டார்ட்டிலும் அரை அரை இஞ்ச், பக்க ஓரம் நான்கிலும் அரை அரை இஞ்ச் என்று பிரித்தால் எந்த இடமும் இழுக்காது. எல்லாவற்றையும் பக்கத் தையலிலேயே பிடித்தால் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பை போல உப்பும்.

பேட்டர்ன் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உறையில் இருப்பது உடம்பு அளவு. உள்ளே தாளில், சீட் கோட்டின் மேல் வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டு ஓர் எண் இருக்கும், அது தைத்து முடித்த பின் வரும் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்கள் கொடுத்திருக்கும் லூஸ். அது உங்களுக்குப் பிடித்த லூஸா என்று அளவுத் துணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேதான் அளவுத் துணியும் டேப்பும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. இரண்டாவது, தையலுக்கு விடும் துணி. நான் சொன்ன அமெரிக்கப் பேட்டர்ன்களில் ஒவ்வொரு ஓரத்திலும் ⅝ இஞ்ச் உள்ளேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் பர்தா (Burda) தையல் இதழோடு வரும் பேட்டர்ன்களில் வழக்கமாகச் சேர்ந்திருக்காது, நாமே சேர்க்க வேண்டும். மறந்தால் பக்க ஓரம் நான்கிலும் ஒன்றரை செ.மீ. வீதம் 6 செ.மீ. குறைந்துபோகும்.

விலை உயர்ந்த துணி என்றால் முதலில் காடாத் துணியில் ஒன்றைத் தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சீட்டில் படுக்கைவாட்டில் கோடு கோடாக இழுத்தால் அங்கே போதவில்லை என்று அர்த்தம். இடுப்புக்குக் கீழே பின்னால் ஒரு மடிப்பு குவிந்து நின்றால் பின்பக்க மேல்வாயைக் கொஞ்சம் இறக்க வேண்டும். காட்டனை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போடுவதும் அளவில் சேர்ந்ததுதான். நனைக்காத காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். 40 இஞ்ச் நீளப் பாவாடை முதல் துவைப்பிலேயே ஒன்றரை இஞ்ச் ஏறிவிட்டால் எவ்வளவு கவனமாக அளந்தும் பலனில்லை.

குழந்தைகளுக்கு

சின்னப் பெண்களுக்கு இடுப்பு என்ற ஒன்று நிற்காது, பாவாடை வழுக்கும். ஐந்தாறு வயது வரை பாடி வைத்துத் தைப்பதே வசதி, அப்போது மார்புச் சுற்றுதான் முக்கிய அளவு. மார்பில் 3 இஞ்ச் லூஸ் விட்டு, பக்கத்தில் தையலை உள்ளே ஒரு இஞ்ச் மடித்து வைத்தால் மறு வருடமும் ஆகும்.

பட்டுப்பாவாடையில் நீளத்தைக் கீழே தொட முடியாது. சரிகைக் கரை துணியின் ஓரத்தோடு ஓடுகிறது, பாவாடையின் நீளம் துணியின் அகலத்திலிருந்து வருகிறது. கூடுதல் துணியை மேலே வெட்டி எறியாதீர்கள். உள்பக்கமாக டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்துவிடுங்கள். நாலு வயதிலிருந்து பத்து வயது வரை குழந்தை வருடத்துக்கு ஏறக்குறைய 5, 6 செ.மீ. வளர்கிறது, அதில் பாதியளவு காலில் என்று வைத்தால் பாவாடைக்கு வருடம் ஒரு இஞ்சுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு இஞ்ச் ஆழத்தில் இரண்டு டக் என்றால் நாலு இஞ்ச் துணி கையிருப்பில் இருக்கிறது, மூன்று தீபாவளி தாங்கும். டக்கைக் கரைக்கு மேலே பூவேலை இல்லாத இடத்தில் பிடித்து, பெரிய தையலாகப் போடுங்கள். பிரித்தால் ஊசித் தடம் பட்டில் கொஞ்சம் தெரியும், கரையை ஒட்டி இருந்தால் அது கண்ணில் படாது.

ஆளைப் பார்க்காமல் தைக்கும்போது

வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தங்கைக்கோ தைத்து அனுப்புவதாக இருந்தால் சைஸ் நம்பர் கேட்கவே வேண்டாம். அவர் சொல்லும் நம்பர் எந்தக் கடையுடையது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நாடா கட்டிய இடத்தில் இடுப்பு, சீட், நாடாவிலிருந்து தரை வரை முன்னும் பின்னும், இந்த நாலு எண்ணைக் கேளுங்கள். இஞ்சா, சென்டிமீட்டரா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஏ4 தாளின் நீளத்தை அதே டேப்பால் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அது 29.7 செ.மீ., இஞ்சில் 11¾க்குச் சற்றுக் குறைவு. வருகிற எண் அதிலிருந்து விலகியிருந்தால் டேப்பிலோ அளந்த முறையிலோ கோளாறு இருக்கிறது, எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அளவு சரிபார்த்த பிறகும், ஆள் முன்னால் இல்லாததால், நேர்ப் பாவாடை வேண்டாம். முன்னால் பட்டியும் பின்னால் எலாஸ்டிக்கும் வைத்த ஏ-லைன் தையுங்கள், பக்கத் தையலில் ஒரு இஞ்ச் விடுங்கள், கீழ் மடிப்பை மூன்று இஞ்சாக மடித்துக் கையால் ஹெம்மிங் போடுங்கள். ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் அங்கே யாரிடம் கொடுத்தாலும் அரைமணி நேரத்தில் செய்துவிடுவார்கள்.